கச்சேரியின் கடைசிப் பாடல்
சுசீலா ராமனின் இசைப் பயணம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

செந்நெறி இசையும் பொப் இசையும் கலக்கலாமா என்ற வினா தமிழர் மத்தியில் எழும்போதெல்லாம் இரண்டு விடைகள் ஆயத்தமாக வந்து நிற்கின்றன. கலப்பு மரபின் தூய்மையைக் கெடுக்கும் என்பது ஒன்று. கலப்பே காலத்தின் கட்டாயம் என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு விடைகளும் ஒரே எடுகோளிலிருந்து பிறப்பவை. செந்நெறியும் பொப்பும் தனித்தனிக் கலங்களில் மூடிவைக்கப்பட்ட இரு பொருள்கள் என்றும், பாடகர் என்பவர் ஒன்றை மற்றொன்றில் ஊற்றுபவர் என்றும் இரு சாராரும் கருதிக்கொள்கின்றனர். அக்கலங்கள் எவ்வாறு உருவாயின, அவற்றை மூடியவர் யார், மூடும்போது வெளியே விடப்பட்டது யாது என்ற வினாக்களை இரு சாராருமே எழுப்புவதில்லை.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு வாய்ப்பளிக்கும் கலைவாழ்வு சுசீலா ராமனுடையது. 2001ஆம் ஆண்டு வெளிவந்த தமது முதல் இறுவட்டிலேயே கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளைக் கிற்றாரோடும் ஆபிரிக்கத் தாளக் கருவிகளோடும் பாடி மேலைநாட்டு இரசிகரின் கவனத்தைக் கவர்ந்தவர் அவர். செந்நெறியையும் பொப்பையும் இணைத்தவர் என்றே அவர் பெரிதும் அறிமுகப்படுத்தப்படுகிறார். ஆனால் அவருடைய இறுவட்டுக்களைக் கால வரிசையிற் கேட்கும்போது, அவருடைய மிகச் சிறந்த சாதனை இவ்விரண்டின் இணைப்பினால் விளைந்ததன்று என்பது புலனாகும். இரண்டு கலங்களுக்கும் வெளியே விடப்பட்ட மூன்றாவதொரு மரபை அவர் கண்டடைந்தபோதே அவருடைய இசை தன் முழு வலிமையையும் பெற்றது. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கர்நாடக இசை என்றுமே மூடிய கலமாக இருந்ததில்லை. இன்று கச்சேரி மேடையில் இன்றியமையாத பக்கவாத்தியமாக விளங்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதனைக் கர்நாடக இசைக்குரியதாக்கியவர்களுள் முன்னோடி முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரும் மேலைநாட்டு மெட்டுக்களுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்து, நொட்டுஸ்வரம் என வழங்கும் உருப்படிகளை ஆக்கினார். தியாகராஜரின் 'நகுமோமு' கீர்த்தனை இன்று பாடப்படும் ஆபேரி இராகம், தைவத சுரத்தைப் பொறுத்தவரை, முன்னைய வழக்கிலிருந்து மாறியதென்பர் இசையறிஞர். முசிறி சுப்பிரமணிய ஐயர் பாடிப் புகழ்பெறச் செய்த வடிவத்தையே இன்றைய இரசிகர் மரபென ஏற்றுள்ளனர். எனவே, 'மாறாத தூய்மை' என்பது வரலாற்றிலே நிலைக்காத ஒரு கருத்து.

ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்விசைக்கு உறுதியானதொரு சட்டகம் அமைக்கப்பட்டது. 1928இல் சென்னையில் மியூசிக் அகாதமி தொடங்கப்பட்டது. கோயிலையும் அரசவையையும் சார்ந்திருந்த கலை, நகர்ப்புற மத்தியதர வகுப்பினரின் சபாக்களுக்கு இடம்பெயர்ந்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கச்சேரி முறைமை, எதனை முதலிற் பாடுவது, எதனை நடுவில் விரிப்பது, எதனை இறுதியில் வைப்பது என்ற ஒழுங்கை நிலைநிறுத்தியது. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளினூடாக இராகம் தானம் பல்லவியில் உச்சத்தை அடைந்து, பின்னர் திருப்புகழ், காவடிச் சிந்து முதலிய உருப்படிகளோடு கச்சேரி முடிவுறும். இறுதியில் வரும் இவ்வுருப்படிகளுக்குத் துக்கடா என்று பெயர். பெயரே அவற்றின் மதிப்பைச் சொல்லிவிடுகிறது. தமிழிசை இயக்கத்தினர் 1940களில் எழுப்பிய முறைப்பாடுகளுள் முக்கியமானது, தமிழ்ப் பாடல்கள் கச்சேரியின் வாலிலே கட்டப்பட்டிருந்தன என்பதே. அம்முறைப்பாடு மொழியைப் பற்றியது மட்டுமன்று. திருவிழாவிலும் காவடியிலும் மக்கள் உடலசைத்துப் பாடிய இசை, அமர்ந்து கேட்கும் சபையில் எங்கே வைக்கப்பட்டது என்ற சமூக வினாவும் அதனுள் அடங்கியிருந்தது. சுசீலா ராமனின் பயணத்தை விளங்கிக்கொள்ள இந்த வரிசை முறையை நினைவில் வைத்திருத்தல் அவசியம்.

சுசீலா ராமன் 1973இல் இலண்டனில், தமிழ்ப் பெற்றோருக்கு மகளாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு அவர் கர்நாடக இசை பயின்று, சிறுமியாக இருக்கும்போதே மேடையிலும் பாடினார். புலம்பெயர்ந்த மத்தியதரத் தமிழ்க் குடும்பங்களில் கர்நாடக இசையும் பரத நாட்டியமும் கலைப்பயிற்சி என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. பிள்ளைகள் தம் வேரை இழந்துவிடவில்லை என்பதற்கான சான்றிதழாகவும் அவை கருதப்படுகின்றன. வீட்டில் ஒரு குரல், வீதியில் ஒரு குரல் என்ற பிளவு அவ்வாறு வளரும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே வாய்க்கிறது. சுசீலாவும் பதின்மப் பருவத்தில் சிட்னியில் ரொக் இசைக் குழு அமைத்துப் பாடினார்; புளூஸ், ஜாஸ் ஆகியவற்றிலும் ஈடுபட்டார். 1995இல் இந்தியா சென்று, ஹிந்துஸ்தானி இசையின் ஜெய்ப்பூர் மரபைச் சார்ந்த ஸ்ருதி சடோலிக்கரிடம் பயின்றார். 1997இல் இங்கிலாந்து திரும்பியபின், வங்காளத்துப் பாவுல் பாடகர் பபன் தாஸ் பாவுலுடன் பணியாற்றியிருந்த கிற்றார் கலைஞர் சாம் மில்ஸோடு இணைந்து தமது இசையை உருவாக்கத் தொடங்கினார். இந்த இணைவின் முதற் பயனே 2001இல் வெளிவந்த 'சோல்ற் றெயின்' என்னும் இறுவட்டு. அது அவ்வாண்டின் மேர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 2002இல் பிபிசி வானொலி 3 வழங்கிய உலக இசை விருதுகளில் புதுமுகக் கலைஞருக்குரிய விருதும் அவருக்குக் கிடைத்தது.

'சோல்ற் றெயின்' இறுவட்டில் தியாகராஜரின் 'நகுமோமு', மைசூர் வாசுதேவாச்சாரியாரின் 'மாமவது' ஆகிய கீர்த்தனைகள், அமெரிக்கப் பாடகர் ரிம் பக்லியின் பாடலொன்றோடும் சுசீலாவே ஆக்கிய ஆங்கிலப் பாடல்களோடும் அருகருகே வருகின்றன. இங்கு அவர் செய்தது யாது? முதலாவதாக, கீர்த்தனையைச் சபையிலிருந்து எடுத்து ஒலிவாங்கியின் அருகில் கொண்டுவந்தார். பொப் இசையின் அடிப்படைக் கருவி கிற்றாரென்று எண்ணுவது தவறு, அது ஒலிவாங்கியே. ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி குரலை எறியவேண்டிய தேவையை அது நீக்கிற்று. கேட்பவரின் காதோரம் தனியே பேசுவது போலப் பாடுவதை அது சாத்தியமாக்கிற்று. சுசீலாவின் குரல் தாழ்ந்தது, கனமானது, சற்றே கரகரப்பானது. அக்குரலில் 'நகுமோமு' பாடப்படும்போது, இராமனின் சிரித்த முகத்தைக் காணாது வருந்தும் ஒருவரின் ஏக்கம் வித்துவத்தின் அலங்காரங்களைக் களைந்துவிட்டு வெளிப்படுகிறது. சங்கதிகளின் அடுக்கிலே சில வேளைகளில் மறைந்துபோகும் தனிமையை அவர் மீட்டுத் தருகிறார். இதனைக் கலப்பு என்று சொல்லிப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. கீர்த்தனையிலேயே உறைந்திருந்த ஒரு பண்பு இங்கு வெளிக்கொணரப்படுகிறது.

ஆனால் இப்பேற்றுக்கு விலையும் கொடுக்கப்பட்டுள்ளது. கர்நாடக இசையின் உயிர்நிலை மனோதர்மம். இராக ஆலாபனை, நிரவல், கற்பனா சுரம் ஆகியவற்றினூடாகப் பாடகர் அந்தக் கணத்தில் இராகத்தைக் கட்டியெழுப்புகிறார். கீர்த்தனை அக்கட்டடத்தின் நடுத்தூண். சில நிமிடங்களில் முடியவேண்டிய இறுவட்டுப் பாடலிலோ தூண் மட்டுமே எஞ்சுகிறது. கமகத்தின் நிலையும் இத்தகையதே. சுரத்திற்கும் சுரத்திற்கும் இடைப்பட்ட வெளியிலே அசைந்து வாழ்வது இராகம். கிற்றார் அதன் கீழே ஒத்திசைச் சுரங்களை அடுக்கும்போது அவ்வசைவுக்கு இடம் சுருங்குகிறது. சாம் மில்ஸ் இதனை உணர்ந்தவராகப் பல இடங்களில் தம்பூராவைப் போல ஒரே சுருதியில் ஊன்றி நின்று வாசிப்பதால் இழப்பு ஓரளவு தவிர்க்கப்படுகிறது. எனினும், இராகம் என்ற நிலையிலிருந்து மெட்டு என்ற நிலைக்குக் கீர்த்தனை இறங்கிவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இதனிலும் பாரதூரமானது சாகித்தியத்தின் கதி. மேற்கூறிய கீர்த்தனைகள் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் அமைந்தவை. இலண்டனிலும் பாரிசிலும் இவ்விறுவட்டை வாங்கியோருள் மிகப் பெரும்பாலானோர்க்கு அவற்றின் சொற்கள் வெறும் ஒலிகளே. இந்நிலை தற்செயலானதன்று. 1987 யூன் மாதத்தில் இலண்டனில் ஒரு மதுச்சாலையில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தினர், கடைகளில் எந்தத் தட்டிலும் அடங்காத பிறநாட்டு இசைகளை அடுக்குவதற்கு 'உலக இசை' என்ற பெயரைத் தேர்ந்துகொண்டனர். விற்பனை வசதிக்காக இடப்பட்ட பெயர் விரைவில் ஓர் இசை வகையின் பெயராகிவிட்டது. மாலியின் இசையும் தஞ்சாவூரின் இசையும் ஒரே தட்டிலே வைக்கப்பட்டன. அவற்றுக்கு இடையே பொதுவாக இருந்தது ஒன்றே, இரண்டுமே வாங்குவோருக்கு அந்நியமானவை. அத்தட்டில் வைக்கப்படும் கீர்த்தனை பொருளை இழந்து மணமாக மாறும் ஆபத்தை எதிர்நோக்குகிறது. 'சோல்ற் றெயின்' அவ்வாபத்திலிருந்து முற்றாகத் தப்பியதென்று சொல்லமுடியாது. பக்தி அங்கே உணர்வாக இருக்கும் இடங்களும் உண்டு. அழகான திரைச்சீலையாக மட்டும் தொங்கும் இடங்களும் உண்டு.

தமது நிலையின் நெருக்கடியைச் சுசீலா உணர்ந்திருந்தார் என்பதற்கு அடுத்துவந்த இறுவட்டுக்களே சான்று. 2003இல் வெளிவந்த 'லவ் ற்றாப்' நைஜீரியாவின் புகழ்பெற்ற தாளக் கலைஞர் றோனி அலனைத் துணைக்கொண்டது. 2005இல் வந்த 'மியூசிக் ஃபோர் குரொக்கடைல்ஸ்' சென்னையிலும் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அதிலே ஆங்கிலப் பாடல்கள் பெருகின, பிரெஞ்சுப் பாடலொன்றும் இடம்பெற்றது, முருகனைப் பாடும் 'சரவண' என்ற பாடலும் இடம்பெற்றது. 2007இல் வெளிவந்த '33 1/3' இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது. நீளிசைத்தட்டு ஒரு நிமிடத்திற் சுழலும் எண்ணிக்கையையே பெயராகக் கொண்ட அவ்விறுவட்டில் பொப் டிலன், பீற்றில்ஸ், ஜிமி ஹென்ட்றிக்ஸ் முதலானோரின் பாடல்களை அவர் தம் முறையிற் பாடினார். தியாகராஜருக்குச் செய்ததையே ஹென்ட்றிக்ஸுக்கும் செய்தார் எனலாம். மேலைநாட்டு இசை அளவுகோல், கீழைநாட்டு இசை மூலப்பொருள் என்ற ஏற்றத்தாழ்வு இங்கு தகர்கிறது. இரண்டுமே அவருக்கு இளமையிற் கேட்டு உடம்பில் ஊறிய இசைகள்; இரண்டுமே மாற்றிப் பாடத்தக்கவை. ஆயினும், எல்லாவற்றையும் மாற்றிப் பாடும் ஆற்றல் மட்டும் ஒரு கலைஞருக்குத் தனக்கென ஒரு நிலத்தைத் தந்துவிடுவதில்லை.

அந்த நிலம் 2011இல் வெளிவந்த 'வேல்' என்னும் இறுவட்டிலே தெரிகிறது. தமிழ்நாட்டில் தங்கி, கோவை கமலா என்ற பக்திப் பாடகியின் தொடர்பினால் மக்கள் பாடும் முருகன் பாடல்களைக் கற்றுக்கொண்ட சுசீலா, 'பால்', 'என்னப்பனே' ஆகிய பாடல்களை இவ்விறுவட்டிற் பாடினார். பித்துக்குளி முருகதாஸ் போன்றோர் பரப்பிய பக்திப் பாடல் மரபிற்கும், காவடி, பாற்குடம் எடுப்போரின் பாட்டிற்கும் உறவுடையவை இவை. சபா மேடையில் இத்தகைய பாடல்களுக்கு இடம் கிடைக்குமாயின் அது துக்கடாவின் இடமே. கச்சேரி எதனைக் கடைசியில் ஒதுக்கி வைத்ததோ அதனைச் சுசீலா எடுத்து நடுவிலே வைத்தார். அவருடைய இசைப்பயணத்தின் திருப்புமுனை இதுவாகும்.

இவ்விடத்தில் முன்னைய இழப்புகள் ஏன் நேரவில்லை என்பதை ஆராய்தல் வேண்டும். காவடிப் பாட்டின் வடிவம் இராக விரிவை நம்பியதன்று. மீண்டும் மீண்டும் வரும் அடியையும், படிப்படியாக ஏறும் வேகத்தையும், தனிக்குரலுக்குக் கூட்டம் தரும் மறுமொழியையும் நம்பியது. சொல் மந்திரமாகி, தாளம் உடலைப் பற்றிக்கொண்டு, பாடுவோர் ஆவேச நிலையை அடைவதே அதன் இலக்கு. ரொக் இசையின் அடிப்படையும் இதற்கு மிக நெருங்கியது. ஒரே கிற்றார்ச் சொற்கட்டு திரும்பத் திரும்ப வந்து, உரப்பும் வேகமும் கூடி, பாடகரையும் கூட்டத்தையும் ஒருசேரத் தூக்கிச் செல்வதே அங்கும் நிகழ்வது. எனவே கிற்றார் இங்கே காவடிப் பாட்டைச் சிதைக்கவில்லை. அதன் இயல்பான வளர்ச்சிக்குத் தோள் கொடுக்கிறது. கீர்த்தனைக்கு ஒத்துவராத கருவி, காவடிப் பாட்டுக்குப் பறையையும் உடுக்கையையும் போல உறவாகிவிடுகிறது. முன்னர் வடிவங்கள் ஒட்டப்பட்டன. இங்கே வடிவங்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன.

மொழியும் இங்கே வேறுவிதமாகத் தொழிற்படுகிறது. சுசீலா பாடுவது தமது பெற்றோரின் மொழியில். அவருடைய உச்சரிப்பில் ஆங்கிலச் சூழலின் சாயல் இருப்பதைக் கூர்ந்து கேட்போர் கண்டுகொள்வர். அதனைக் குறையெனக் கூறுவோரும் இருக்கலாம். ஆனால் 'என்னப்பனே' என்ற விளி ஒரு குழந்தையின் விளி. அதன் பொருளை அறிய அகராதி வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த ஒருவர் தமிழில் முதன்முதலிற் கற்கும் சொற்கள் இத்தகைய உறவுச் சொற்களே. செம்மையான உச்சரிப்போடு பாடப்படும் பல பதிவுகளில் இல்லாத தேவை, அந்த விளியிலே கேட்கிறது. சான்றிதழாகக் கற்ற இசையைக் கடந்து, தேவையினால் தேடிச் சென்ற இசைக்கு அவர் வந்துசேர்ந்திருக்கிறார்.

இதற்கு எதிராக எழக்கூடிய வாதங்களை ஒதுக்கிவிடுவதற்கில்லை. முதலாவது வாதம், காவடிப் பாட்டை அதன் வழிபாட்டுச் சூழலிலிருந்து பிரித்து, நுழைவுச் சீட்டு வாங்கி வந்தோர் முன் பாடுவது அதனையும் பண்டமாக்குவதே என்பது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. நேர்த்திக்கடனுக்காக முள்ளும் செடிலும் ஏற்று ஆடுபவரின் ஆவேசத்திற்கும் மேடைப் பாடகியின் ஆவேசத்திற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. ஆனால் சபா மேடையும் நுழைவுச் சீட்டினால் இயங்குவதே என்பதை மறக்கலாகாது. தியாகராஜரின் வழிபாட்டை அரங்கிற் பாடுவதை மரபென ஏற்பவர்கள், காவடிப் பாட்டு அரங்கேறும்போது மட்டும் புனிதம் கெட்டதென வருந்துவது பொருந்தாது. இரண்டாவது வாதம் வலுவானது. 'வேல்' இறுவட்டிற்குப் பின்னர் சுசீலா அந்த நிலத்திலேயே ஆழ உழவில்லை. 2014இல் வெளிவந்த 'குயீன் பிற்வீன்' பாகிஸ்தானியக் கவ்வாலிப் பாடகர்களோடும் இராஜஸ்தான் கலைஞர்களோடும் சேர்ந்து உருவானது. 2018இல் வந்த 'கோஸ்ற் கமெலான்' ஜாவாவின் கமெலான் இசைக் கலைஞர்களோடு உருவானது. ஒவ்வொன்றும் தன்னளவில் ஈடுபாட்டோடு செய்யப்பட்டதே. ஆயினும், மரபுக்கு மரபு தாவும் பயணி, ஒவ்வொரு மரபின் வாயிலையும் கண்டு, உள்ளறையைக் காணாமற் போகக்கூடும். கவ்வாலியும் காவடிப் பாட்டைப் போலவே மீளுரைப்பையும் ஆவேசத்தையும் இலக்காகக் கொண்டது என்பதால், அவருடைய தேடலில் ஒரு தொடர்ச்சி இருப்பதை ஏற்கலாம். எனினும் 'வேல்' தொடக்கி வைத்த பணி முற்றுப்பெறாமல் நிற்கிறது என்பதையும் கூறியே ஆகவேண்டும்.

ஈழத்துச் சூழலுக்கு இவ்வாராய்ச்சி அந்நியமானதன்று. 1960களின் இறுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரால் இங்கு வளர்ந்த தமிழ்ப் பொப் இசை, பைலாவின் தாளத்தைத் தழுவி மக்களைக் கவர்ந்தது. சங்கீதம் கற்றோர் அதனைப் பெரும்பாலும் கேலிக்கைப் பாடலாகவே மதித்தனர். பொப் பாடியோரும் நல்லூரிலும் கதிர்காமத்திலும் காவடியோடு ஒலித்த தாளத்தைத் தமது மூலதனமாகக் கொண்டாரில்லை. ஒருபுறம் சங்கீத வகுப்பு, மறுபுறம் பைலா மேடை, இடையிலே திருவிழா வீதி என மூன்றும் தனித்தனியே இயங்கின. அந்த வீதியின் இசைக்கு ரொக் இசையோடு நிகராக நிற்கும் வலிமை உண்டு என்பதை, இலண்டனிற் பிறந்து சிட்னியில் வளர்ந்த ஒருவர் தமிழ்நாட்டிற் கற்றுக்கொண்டு காட்டவேண்டியிருந்தது.

சுசீலா ராமனை மரபைக் கெடுத்தவர் என்று பழிப்பதும், மரபை உலகுக்கு எடுத்துச் சென்ற தூதர் என்று புகழ்வதும் அவருடைய இசையைக் கேளாமற் சொல்லப்படும் தீர்ப்புகளே. 'சோல்ற் றெயின்' கீர்த்தனைக்கு நெருக்கத்தைக் கொடுத்து விரிவை எடுத்துக்கொண்டது. 'வேல்' எதனையும் எடுத்துக்கொள்ளாமலே கொடுத்தது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பாடகியின் திறமை கூடியதோ குறைந்ததோ அன்று. அவர் தேர்ந்த வடிவமே. எந்த இசை எந்த இசையோடு உள்ளார்ந்த உறவுடையது என்பதை அறிந்து தேர்வதே இணைப்பு முயற்சியின் முதற் கடமை. இசைக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயிலும் இளைய தலைமுறையினர் புதுமை செய்ய விழையும்போது, எதனை எதனோடு கலக்கலாம் என்று கேட்பதற்கு முன்னர், எது ஏன் கடைசியில் வைக்கப்பட்டது என்று கேட்பார்களாயின், இப்பயணம் வீண்போனதாகாது.